போடி மலையில் ஜீப் பயணம்: எங்கே ஏறுவது, எதை ருசிப்பது

போடிநாயக்கனூருக்கு வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். ஜீப்பில் மலைக்காட்டுக்குள் போக முடியுமா? மேலே லோக்கல் சரக்கு ருசி பார்க்கக் கிடைக்குமா? முதல் கேள்விக்கு என் பதில்: முடியும், கட்டாயம் போங்கள். இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு இந்த அத்தியாயத்தில் தனியாக இடம் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மலையில் நாக்கு அறிந்துகொள்ள வேண்டியவை நிறைய. அதில் போதை தருவது ஒன்றே ஒன்று. அதையும் மலைப்பாதை முழுக்க முடிந்து, ஜீப்பை விட்டு இறங்கிய பிறகுதான் தொட வேண்டும்.

பயணத்துக்கு ஒரு இரவும் இரண்டு பகலும் ஒதுக்குங்கள். முதல் நாள் மதியம் போடியிலிருந்து ஏறி, வழியில் ஏலக்காய்த் தோட்டம் பார்த்து, சூரியநெல்லியிலோ சின்னக்கானலிலோ தங்குவது. மறுநாள் விடியுமுன் ஜீப்பில் கொழுக்குமலை. பகலில் இறக்கம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கிறேன் என்று மதுரையிலிருந்து நள்ளிரவில் கிளம்புகிறவர்கள் உண்டு. தூங்காத டிரைவர், கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம் மூன்றும் ஒன்று சேரக்கூடாது. அந்தத் திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

போடிக்கு வந்து சேர்வது இப்போது எளிது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 அன்று மறுபடி போடிக்கு வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் நேரடி ரயில் இருக்கிறது. மதுரையிலிருந்து தினமும் உண்டு. காரில் வருகிறவர்கள் போடியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் கேரள பர்மிட் இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள். எல்லையில் நின்று கேட்டால் ஒரு மணி நேரம் போகும்.

இனி ஜீப்.

சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் என்றால் சாகசம். இந்த ஊருக்கு ஜீப் என்றால் வேலைக்குப் போகிற வண்டி. போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் தினமும் விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்புகிறார்கள். ஏலக்காய் காய்ப்பது பெரும்பாலும் கேரளத்து மண்ணில். அதைப் பறிக்கிற கை தேனி மாவட்டத்துக் கை. அந்த ஜீப்புகளில் கணக்குக்கு மேல் ஆள் ஏற்றுவதும், வளைவில் கவிழ்ந்து உயிர் போவதும் இன்றும் தொடர்கிற வேதனை. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் மலைப்பாதையில் இருந்தால் தொழிலாளர் ஜீப்புக்கு ஒதுங்கி வழி விடுங்கள். படம் எடுப்பதற்காக வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். அவர்கள் போவது கூலிக்கு, நேரம் தவறினால் அன்றைய வேலை போகும்.

கிளம்புவதற்கு முன் முடிந்தால் 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பாருங்கள். ஏலக்காய் மூட்டை சுமந்து இந்த மலையில் ஏறி இறங்குகிற நிலமற்ற மனிதரின் கதை. அதைப் பார்த்துவிட்டு ஏறினால் பாதையில் எதிர்ப்படுகிற முகங்கள் வேறு மாதிரி தெரியும்.

போடியை விட்டதும் முந்தல். அதுதான் மலையடிவாரம், சோதனைச் சாவடி இருக்கிற இடம். அதுவரை இலவமரமும் மாந்தோப்பும் தென்னையும். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். இது கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கிற 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நல்ல தார்ச்சாலை. இதற்கு ஜீப் தேவையே இல்லை. போடி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 அடி. போடிமெட்டு 4,500 அடியை ஒட்டி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறுவதால் காது அடைக்கும். கொட்டாவி விட்டு எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். வயிறு கலங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், புரோட்டா சால்னாவை நிரப்பிக்கொண்டும் ஏற வேண்டாம். இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம் போதும். முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். காற்று மாறும், மரம் மாறும். பூப்பாறை வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் ஏலம்தான். இங்கே அரை மணி நேரமாவது செலவழியுங்கள். பலர் நிற்காமல் மூணாறுக்குப் பறந்துவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம்.

ஏலச்செடியை முதல்முறை பார்க்கிறவர்கள் மேலே அண்ணாந்து காயைத் தேடுவார்கள். காய் அங்கே இருக்காது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த இலைத்தண்டுகளின் அடியில், தூரிலிருந்து கயிறு மாதிரி ஒன்று தரையோடு ஊர்ந்து போகும். அதற்குச் சரம் என்று பேர். அதில்தான் பூவும் காயும். பூ வெள்ளை, நடுநாக்கில் ஊதாக் கோடு. ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றின காய் மூன்றும் ஒன்றாக இருக்கும். அதனால்தான் ஒரே தடவையில் அறுவடை செய்ய முடியாது. சில வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்கு வந்து குனிந்து, முற்றியதை மட்டும் கிள்ள வேண்டும். பறிப்பு வருஷத்தில் பல மாதம் நீளும். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை மும்முரம். முற்றி விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கிற பருவம்தான் சரியான பருவம். அதைக் கருங்காய் என்பார்கள். மஞ்சளாகப் பழுத்துவிட்டால் உலர்த்தும்போது வெடிக்கும், நிறம் போகும், விலை குறையும். பச்சையிலும் பச்சைக்குள் வித்தியாசம் பார்த்து நாள் முழுக்கக் குனிந்தே பறிக்கிற அந்தக் கைகளின் தேர்ச்சியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செடியிலிருந்து நேராகக் காயைப் பறித்து வாயில் போடாதீர்கள். ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கடி அடிப்பார்கள். மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் ருசி பார்க்க வேண்டும். நான் எப்போதும் உலர்த்தும் கூடத்துக்குப் போய்விடுவேன். மலையாளிகளும் தமிழர்களும் அதை 'ஸ்டோர்' என்றே சொல்வார்கள். உள்ளே நுழைந்ததும் கண் எரிகிற அளவுக்கு மணம் முகத்தில் அடிக்கும். தட்டுகளில் பரப்பிய பச்சைக்காய் 45-லிருந்து 55 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உலரும். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ உலர்காய் தேறும் என்பது கணக்கு. சூடு கூடினால் மணத்தைத் தருகிற எண்ணெய் பறந்துவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து அடுப்பைக் கவனிப்பார்.

ருசி பார்க்கும் முறை: அன்று இறக்கிய ஒரு காயை வாங்கி, தோலை நகத்தால் பிளந்து, மூன்று அறையிலும் ஒட்டியிருக்கிற விதைகளில் நாலைந்தை மட்டும் முன்பல்லில் கடியுங்கள். முதலில் காரம், உடனே ஒரு இனிப்பு. அப்புறம் மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டைக்குள் குளிர் இறங்கும். யூகலிப்டஸ் எண்ணெயில் இருக்கிற அதே சினியோல் இதிலும் இருக்கிறது, அந்தக் குளிர்ச்சி அதனுடையது. வீட்டு டப்பாவில் ஆறு மாதம் கிடந்த ஏலக்காயை மட்டும் அறிந்தவர்களுக்கு இது புது ருசி. உலகத்தில் இன்று ஏலக்காயை அதிகம் விளைவிப்பது மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. அது அங்கே போய் நூறு வருஷத்துச் சொச்சம்தான் ஆகிறது. பூர்வீகம் நம்முடைய இந்த மேற்குமலைச் சோலைகள்.

பூப்பாறையிலிருந்து சின்னக்கானல் போகிற வழியில் ஆனையிறங்கல் அணை. பேரிலேயே சேதி இருக்கிறது: ஆனை இறங்குகிற இடம். தேனி மாவட்டத்துக்காரர்கள் அரிக்கொம்பனை மறக்க முடியாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அந்த யானை, மே 27 அன்று கம்பம் நகரத் தெருவிலேயே வந்து நின்றது. ஜூன் மாதத்தில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அரிக்கொம்பன் போனாலும் யானைக்கூட்டம் இங்கேயேதான் இருக்கிறது. அதனால் இருட்டுவதற்கு முன் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். சாலையில் யானை நின்றால் ஹாரன் கூடாது, இறங்கக் கூடாது, பக்கத்தில் போய்ப் படம் எடுக்கக் கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, அது ஒதுங்கும்வரை காத்திருங்கள். நம் பக்கம் வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

சூரியநெல்லியிலிருந்துதான் உண்மையான ஜீப் பாதை தொடங்குகிறது. ஒரு வினோதம் கவனியுங்கள். கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி போகிற பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து மட்டுமே. நம் பக்கம் குரங்கணியிலிருந்து ஒற்றையடிப் பாதைதான். சொந்தக் காரையோ பைக்கையோ மேலே விடமாட்டார்கள், உங்களிடம் எவ்வளவு பெரிய வண்டி இருந்தாலும் சரி. உள்ளூர் ஜீப்புகளுக்கு மட்டுமே அனுமதி, அது நியாயமானது. கட்டணம் ஜீப்புக்குத்தான், தலைக்கு அல்ல. ஆறு பேர் ஏறலாம். இரண்டு பேராக வந்தவர்கள் கவுன்டரில் இன்னொரு ஜோடியோடு சேர்ந்துகொள்ளலாம். அன்றைய கட்டணத்தைக் கவுன்டரிலேயே கேட்டு, ரசீது வாங்குங்கள். தோட்டத்து நுழைவுக் கட்டணம் அதில் சேர்ந்ததா தனியா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் நாலரை மணிக்கு ஜீப்பில் இருக்க வேண்டும். தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஏன் என்பது முதல் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பாதை என்று அங்கே இருப்பது தேயிலைத் தோட்டத்துக்குள் போட்ட கருங்கல் சல்லி. மழைத்தண்ணீர் அதை அரித்து, பாறையும் பள்ளமுமாக விட்டிருக்கிறது. டிரைவர் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டியை ஒரு நொடி நிறுத்தி, பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டிக் கம்பியை இழுப்பார். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும், வண்டியின் சத்தமே கனமாக மாறும். அப்புறம் முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில், ஒரு சக்கரத்தைப் பாறை மேல் வைத்து, அது பிடித்தபின் அடுத்த சக்கரத்தை ஏற்றி என்று எடுத்து வைத்துப் போவார். எங்கே எந்தக் கல் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒருமுறை என்னோடு வந்த நண்பர், "அண்ணே, கொஞ்சம் வேகமா போனா ஆட்டம் குறையுமே" என்றார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வேகமா போனா கல்லு நம்மள ஓட்டும் சார். மெதுவா போனாத்தான் நாம கல்ல ஓட்டலாம்."

உட்காரும் முறை முக்கியம். முதுகை இருக்கையோடு விறைப்பாக ஒட்டாதீர்கள், ஒவ்வொரு குலுக்கலும் தண்டுவடத்தில் போய் இடிக்கும். சற்று முன்னால் சாய்ந்து, கால்களை ஊன்றி, மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டாம், நாக்கை மட்டும் உள்ளே வையுங்கள். கையையோ முழங்கையையோ வெளியே நீட்டக் கூடாது. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் இந்தப் பாதைக்கு வர வேண்டாம். கைக்குழந்தையோடும் வேண்டாம். சின்னக்கானலிலேயே அழகான இடங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அங்கே ஒரு நல்ல காலை கிடைக்கும்.

கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல். போடியின் வெயிலிலிருந்து கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். விடிகாலைக் காற்றில் அது இன்னும் குறைவாகத் தெரியும். ஸ்வெட்டருக்கு மேல் காற்றுத் தடுக்கிற சட்டை ஒன்று, காதை மூடுகிற குல்லா, பிடிமானமுள்ள ஷூ. மழைக்காலத்தில் அட்டை ஏறும், சாக்ஸுக்குள் உப்புத்தூள் தூவிக்கொள்ளுங்கள். ஏறினால் பிய்த்து எடுக்காமல் உப்பு வைத்தால் தானாக விழும்.

உதயத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சூரியன் வருவது நம் தேனிச் சமவெளிக்கு மேலிருந்து. காலுக்குக் கீழே மேகம் பஞ்சுப் பொதி மாதிரி நிரம்பியிருக்கும், அது கலையக் கலைய நேற்று நீங்கள் கிளம்பின ஊர்ப்பக்கம் தெரியத் தொடங்கும். சிங்கம் வாய்பிளந்த மாதிரி ஒரு பாறை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும். படத்துக்காக அதன் நுனிக்குப் போகாதீர்கள். காலைப்பனியில் பாறை வழுக்கும். குறிஞ்சி பூக்கிற வருஷம் வந்தால் இந்தச் சரிவுகள் நீலமாகும். 2006-லும் 2018-லும் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்தது 2030. பூத்தால் பறிக்கக் கூடாது. விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறைச் செடி.

இனி தேநீர். இந்தப் பயணத்தின் உச்சமான ருசி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கொழுக்குமலைத் தொழிற்சாலை 1930களில் வந்தது, பழைய இயந்திரங்களும் மரத்தளமும் இன்னும் இருக்கின்றன. இங்கே செய்வது ஆர்த்தடாக்ஸ் முறைத் தேயிலை. நம் டீக்கடைகளில் கொதிக்கிற குருணைத் தூள், இலையை நறுக்கி நசுக்கிச் சுருட்டிச் செய்தது. இங்கே கொழுந்தை முதலில் காற்றில் வாட்டி, உருட்டுகிற இயந்திரத்தில் முறுக்கி, சாறு கசியவிட்டு, பரப்பிவைத்துப் பழுப்பேறவிட்டு, சூட்டில் உலர்த்துகிறார்கள். இலை இலையாகவே இருக்கும். உயரமான இடத்துக் குளிரில் செடி மெல்ல வளர்வதால் கொழுந்தில் மணம் கூடும்.

பால், சர்க்கரை எதுவும் சேர்க்காமல் முதல் கோப்பையைக் குடியுங்கள். தேநீர் சோதிக்கிறவர்களுக்கு உலக அளவில் ஒரு முறை உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம் மூடி வைத்தல். வீட்டுக்கு வாங்கிப்போனாலும் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் மூடியைத் திறந்து, ஈர இலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்து உஸ்ஸென்று உறிஞ்சுங்கள். நம் வீட்டில் ரசத்தை உறிஞ்சினால் திட்டு விழும், இங்கே உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும். நாக்கின் ஓரங்களில் ஒரு இறுக்கம் தெரியும், நெல்லிக்காய் தின்ற மாதிரி. விழுங்கிய பிறகு தண்ணீர் குடித்தால் லேசாக இனிக்கும். வெளியே கைவிரல் விறைக்கிற குளிர், உள்ளே தேநீர்க் கோப்பையின் சூடு. அந்த நேரத்துக்கு வேறு எந்தப் பானமும் ஈடாகாது.

இப்போது சரக்கு.

வெளியூர்க்காரர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. காட்டுக்குள் ஜீப், நடுவில் ஒரு குடிசை, அங்கே மலைவாசி காய்ச்சின சாராயம், ஒரு சின்ன கிளாஸில் ருசி. கோவாவில் அப்படி ஒன்று சட்டப்படி நடக்கிறது. முந்திரிப்பழத்தில் காய்ச்சுகிற ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் உரிமம் பெற்ற தொழில். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. சாராயமும் கள்ளும் இங்கே 1987-லிருந்து தடை. கேரளத்தில் சாராயக்கடைகள் 1996-ல் மூடப்பட்டன. ஆக, போடியிலிருந்து மூணாறு வரைக்கும் யாராவது 'மலைச் சரக்கு', 'வாற்று', 'பட்டை' என்று எதை நீட்டினாலும் அது கள்ளத்தனமாகக் காய்ச்சியதுதான். மலைவாழ் மக்கள் பேரைச் சொல்லி விற்பார்கள். முதுவர், பளியர் குடிகளை அந்த வியாபாரத்தோடு சேர்த்துப் பேசுவது அவர்களுக்குச் செய்கிற அவமானம்.

சட்டத்தை விட்டுவிடுங்கள், உயிரைப் பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனாலுக்கு வாசனையிலோ ருசியிலோ தனி அடையாளம் கிடையாது, குடிக்கிறவருக்குத் தெரியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. குடித்தவுடன் ஒன்றும் ஆகாது, பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல், மூச்சிரைப்பு. அதற்குள் நீங்கள் மலையில் எங்கோ இருப்பீர்கள். யாருக்காவது இப்படி ஆனால் தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்றுமருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் காப்பாற்ற முடியும். தேனிப் பக்கம் இறங்கினால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கள்ளச்சாராயத்துக்கான தண்டனையை ஆயுள் வரைக்கும் உயர்த்தியிருக்கிறார்கள்.

கடையில் வாங்கின முத்திரையிட்ட பாட்டில் என்றாலும் ஜீப்பில் வேண்டாம். குளிருக்கு இதமாக இருக்கும் என்பது ஏமாற்று. குடித்தால் தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரிந்து சூடு தெரியும், ஆனால் அந்தச் சூடு உடம்பை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும். குலுக்கலில் வாந்தி நிச்சயம், பாறை விளிம்பில் கால் தடுமாறுவதும் நிச்சயம். சில வருஷத்துக்கு முன் எங்கள் குழுவில் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். பாதி வழியில் டிரைவருக்கு வாடை தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்தார். "சார், ஒண்ணு அது கீழ போகணும், இல்ல நீங்க கீழ எறங்கணும். எம்பொண்டாட்டி தெனம் இதே மாதிரி ஜீப்புலதான் தோட்டத்துக்குப் போறா. இந்தப் பாதையில எனக்கு வெளாட்டு கெடையாது." அவர் பாட்டிலைக் கவிழ்த்தார். டிரைவருக்கு நான் அன்று பட்ட நன்றிக்கடன் இன்னும் இருக்கிறது.

சட்டப்படி ருசி பார்க்க இருப்பது கள். கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு, 'ஷாப்பு' என்பார்கள். கறுப்பு வெள்ளைப் பலகையை வைத்து அடையாளம் காணலாம். வயது 23 நிறைந்திருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி, ஜீப்பை அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். ஊருக்குத் திரும்ப வண்டி ஓட்டுகிறவர் கிளாஸைத் தொடக் கூடாது. இந்த மலைக் குளிரில் தென்னை அவ்வளவாகக் காய்க்காது. கேரளத்துக் கள்ளில் பெரும்பகுதி பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வருவது. அதனால் கடையில் முதல் கேள்வி: "இன்று காலை இறக்கியதா?" மலைக்கே உரியது கூந்தல்பனைக் கள். அதைத்தான் மலையாளத்தில் சூண்டப்பனை என்கிறார்கள். இலங்கையில் பாணி காய்ச்சுகிற கித்துள் மரமும் இதே மரம்தான். கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

கள் பொங்குவதற்கு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பாளையிலிருந்து சொட்டுகிற சாறு கலயத்திலேயே காற்றின் நுண்ணுயிரால் பொங்கத் தொடங்குகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பொங்காது, அது பதநீர். விடிகாலைக் கள் இளநீர் மாதிரி இனிக்கும், நண்பகலில் புளிப்பேறும், மறுநாள் காடியாகிவிடும். நல்ல கள் கலங்கிய வெள்ளை, சன்னமான நுரை, ஈஸ்ட் மாவு வாடை. குடித்து வெகுநேரம் நாக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் சாக்கரின் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிடுங்கள். மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், பல கடைகளில் சாப்பாட்டுக்காகவே குடும்பங்கள் வருகின்றன. ஒரு கிளாஸ் போதும். மீதியைப் பாட்டிலில் அடைத்துப் போடிமெட்டு வழியாகக் கொண்டுவராதீர்கள். முந்தல் சாவடியில் அது குற்றம்.

திரும்பும்போது நேரமிருந்தால் குரங்கணிக்கும் போய்வாருங்கள். 'மைனா' படத்தில் பார்த்த மலை. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை உலகத்துக்குப் போனதே இந்தச் சரிவு வழியாகத்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாளம், 1908-லிருந்து சின்ன ரயில். அது டாப் ஸ்டேஷனில் நிற்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும், வண்டிகளில் போடி வரும், தூத்துக்குடியில் கப்பலேறும். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்கிற பேர் இன்னும் இருக்கிறது.

குரங்கணியிலிருந்து அனுமதியில்லாமல் யாரும் மேலே ஏறிவிடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. மாசி, பங்குனியில் மலையேற்றம் நிறுத்தப்படுவதற்குக் காரணம் இதுதான். மற்ற மாதங்களில் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு குரங்கணி–சாம்பலாறு பாதையில் போகலாம். ஜீப் பயணத்திலும் சிகரெட், நெருப்பு, சமையல் எதுவும் கூடாது.

போடிக்கு இறங்கியதும் ஏலக்காய் வாங்க ஒரு மணி நேரம் வையுங்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர் இது. இடுக்கி மாவட்டத்துப் புத்தடியும் இந்தப் போடியும்தான் ஏலக்காயின் விலையைத் தீர்மானிக்கின்றன. ஏலத்தில் நீங்கள் கலந்துகொள்ள முடியாது, கடைத்தெருவில் சில்லறையாகக் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் காய்க்குத்தான் விலை அதிகம், பாயசத்துக்கும் டீக்கும் 6, 7 மில்லிமீட்டரே தாராளம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைவிடக் கனத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் படியில் அளந்தால் எத்தனை கிராம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் வியாபாரிகளே தரம் பிரிக்கிறார்கள், பொக்குக் காய் அதில் மாட்டிக்கொள்ளும். ஒரு காயைக் காதோரம் ஆட்டுங்கள்: நன்றாக உலர்ந்திருந்தால் விதை கலகலக்கும். ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள்: பச்சை ஒட்டினால் சாயம் ஏற்றியது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு ஒன்றைப் பிளந்து, ஸ்டோரில் கடித்த மாதிரியே நாலு விதை கடித்துப் பாருங்கள். அந்தக் குளிர் தொண்டையில் இறங்கினால் வாங்கலாம். தோலோடு, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சென்னை ரயில் போடியிலிருந்து ராத்திரிதான் புறப்படும். நிதானமாகப் பார்த்து வாங்க நேரம் இருக்கிறது.